முந்நூற்று எண்பது கிராம்

எங்கள் சங்கத்தின் பழைய தராசுக்கு வயதாகிவிட்டது என்று எழுதிப் போட்டு, 2001-ல் புதிதாக எலக்ட்ரானிக் தராசு ஒன்று வந்தது. வந்த அன்றே சடகோபன் சுவாமி அதைத் தோற்கடித்தார். பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் கொண்டுவந்த சேலையை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணைப் பாதி மூடி, "எழுநூத்தி நாப்பது" என்றார். தராசில் வைத்தோம். எழுநூற்று நாற்பத்திரண்டு காட்டியது. "அந்த ரெண்டு கிராம் சீட்டோட கனம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தார். சீட்டைக் கட்டியவன் நான். அவிழ்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். சரியாக எழுநூற்று நாற்பது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு மனுஷன் எப்போதும் சரியாகவே இருந்தால் பக்கத்து மேஜைக்காரனுக்கு என்ன மரியாதை?

அந்தப் பக்கத்து மேஜைக்காரன்தான் நான், கலியாணசுந்தரம். பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் சேலைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற வேலை. சுவாமி எடை எழுத்தர். நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார். அது சேலையாகத் திரும்பி வரும்போது எடை போட்டு வாங்குவார். ஈரம் ஏற்றிக் கனம் காட்டுகிற சேலை வந்தால் அவர் கைக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் குரலை உயர்த்த மாட்டார். "வெயில்ல ஒரு மணி நேரம் காட்டிட்டுக் கொண்டாப்பா" என்பார், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காதபடி.

இது சங்கத்துச் சடகோபன். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வேறு ஆள். பெருமாள் வாகனம் தூக்குகிற குடும்பம். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு உண்டு. வைகாசி கருட சேவைக்கு முப்பத்தொரு வருஷமாக ஒருமுறைகூடத் தவறியதில்லை. மஞ்சள்காமாலையில் கிடந்த வருஷத்திலும் பத்து நாள் முன்பாக எழுந்து நின்றுவிட்டாராம். உயரம் பார்த்துத்தான் ஆள் நிறுத்துவார்கள். வாகனத்தைத் தாங்கும் முன் தண்டில் மூன்றாவது இடம் அவருடையது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் மனுஷன் கொஞ்சம் கர்வப்படுவார்.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் அலுவலகம் வருவார். பரம்பரையாக அவர் வீட்டுக்கு வரும் பிரசாதப் பங்கு, ஒரு பித்தளைத் தூக்குவாளியில் அவரோடு வரும். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், ததியோதனம், சில நாள் மிளகு மணக்கிற கோயில் இட்லி. பதினொரு மணிக்கு மேஜை மேஜையாகப் போவார். நாங்கள் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவோம். சீட்டாட்டத்தைத் தவிர வேறு தெய்வம் அறியாத எங்கள் மேலாளர்கூட அந்த நேரத்துக்குச் செருப்பைக் கழற்றிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் 2003 தை மாதம் சுகுமாரி வந்து சேர்ந்தாள். சென்னையில் உள்ள ஒரு அறக்கட்டளை, உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதில் உணவு ஆலோசகர் அவள். திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். முப்பது வயதிருக்கும். ஒரு பையிலிருந்து ரப்பர் இட்லி, ரப்பர் தோசை, ரப்பர் ஜாங்கிரி எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினாள். கூட்டிப் பெருக்கும் அங்கம்மாள் ரப்பர் இட்லியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு இட்லி இத்த விடக் கெட்டியா இருக்குது கண்ணு" என்றாள். முதல் வகுப்பு அந்தச் சிரிப்போடு ஆரம்பமானது.

முதல் ரத்தப் பரிசோதனையில் சிரிப்பு நின்றது. இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேருக்குச் சர்க்கரை எல்லையிலோ எல்லை தாண்டியோ இருந்தது. எனக்கு எல்லையில். சுவாமிக்கு வெறும் வயிற்றிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு. போதாக்குறைக்கு அவர் இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு புண். மார்கழியில் ஏதோ குத்தியதாம், வலிக்கவில்லையாம், விட்டுவிட்டாராம். வலிக்காததுதான் ஆபத்து என்றார் முகாமுக்கு வந்த டாக்டர். புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டிவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"சர்க்கரை இறங்கினாத்தான் இது ஆறும். ஆறாம வெறுங்காலோட நடக்கவே கூடாது. தோள்ல பாரம் ஏத்திக்கிட்டு நடக்கிறது நினைச்சே பாக்காதீங்க. விரலை எடுக்க வேண்டி வரும்."

"வைகாசி வரைக்கும் டயம் இருக்கோல்லியோ?" என்றார் சுவாமி.

"நாலு மாசம் இருக்கு. ஒழுங்கா இருந்தா ஆறிடும்."

சுவாமி ஒழுங்காக இருப்பதற்கென்றே பிறந்தவர். அன்றைக்கே வீட்டில் மனைவி சுபத்ராவிடம், டாக்டர் சரி என்று சொல்லாமல் தண்டைத் தொடுவதில்லை என்று பெருமாள் மேல் ஆணை வைத்து வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஆணை இல்லாவிட்டால் புண்ணும் பெரிதல்ல, டாக்டரும் பெரிதல்ல, அவர் பாட்டுக்குத் தூக்கியிருப்பார். இப்போது எல்லாம் சர்க்கரையின் கையில் இருந்தது.

சுகுமாரி எல்லோருக்கும் ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டு கொடுத்தாள். காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாய்க்குள் போவதையெல்லாம் எழுத வேண்டும். "டீயில போடுற சர்க்கரை, பக்கத்து சீட்டுக்காரரு குடுத்த முறுக்கு, ஒண்ணு விடாம எழுதுங்க சார். நான் திட்ட மாட்டேன்" என்றாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து நோட்டைப் பார்ப்பாள். நாங்கள் புதன்கிழமை இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினோம். சுவாமி மட்டும் வேளை தவறாமல், பட்டு எடை எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார். காலை இட்லி இரண்டு. மதியம் சாதம் ஒரு கப், கீரை, மோர். இரவு சப்பாத்தி இரண்டு. சர்க்கரை இல்லாத காபி ஒன்று. சுபத்ரா மாமி கப்பால் அளந்துதான் சாதம் போட்டார்.

மாசி முடிகிறபோது அடுத்த பரிசோதனை. எனக்கு இறங்கியிருந்தது. மேலாளருக்கு இறங்கியிருந்தது. வடை இல்லாமல் ஒருநாளும் விடியாத ஸ்டோர் கீப்பருக்கே இறங்கியிருந்தது. சுவாமிக்கு இருநூற்று நாற்பத்தெட்டு. ஏறியிருந்தது. புண்ணும் ஆறவில்லை, ஓரம் கறுத்துப் போயிருந்தது.

அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் லேசில் தீரவில்லை. சுகுமாரி முதலில் மெஷின் மேல் சந்தேகப்பட்டாள். வேறு மெஷினில் பார்த்தாள், அதே கணக்கு. டாக்டர் மாத்திரை மேல் சந்தேகப்பட்டு வேறு மாத்திரை கொடுத்தார். சுபத்ரா மாமி எங்கள் மேல் சந்தேகப்பட்டார். ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கலியாணம், நீங்கள்ளாம் சேர்ந்து காபி கிளப்புக்குக் கூட்டிண்டு போறேளா? நான் அளந்து அளந்து போடறேனே, எங்கேர்ந்து ஏறறது?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. "இல்லீங்கம்மா, அவரு ஒரு டீ கூட வெளிய குடிக்கிறதில்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரைப் பின்தொடர்ந்து போனேன். மூன்று நாள் சாயங்காலம், சைக்கிளில், காந்தி ரோடு வழியாக. ஒரு மிட்டாய்க் கடை வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தினபோது ஆள் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. பக்கத்தில் பூக்காரியிடம் துளசி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்து, "என்னடா கலியாணம், ஓரிக்கைக்கா போறே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் ஊருக்கு வெளியே ஓரிக்கை வரைக்கும் மிதித்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் குழப்பமோ வேறு மாதிரி. ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு எடை சொல்லாமல் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் சொன்னார். "கொடுத்த பட்டு அறுநூறு, வந்த சேலை எண்ணூறு. நடுவுல அவன் ஒண்ணுமே சேர்க்கலைங்கறான். அப்படின்னா என்னடா அர்த்தம்? என் உடம்பே நேக்குப் பொய் சொல்றதுடா." முதல்முறையாக அந்த மனுஷன் பயந்து பார்த்தேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, சுகுமாரி எப்போதும் வராத நேரத்தில் வந்தாள். மதியம் சென்னைக்குப் போய் அறிக்கை கொடுக்க வேண்டுமாம், அதற்கு முன் சுவாமியின் நோட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். மணி பதினொன்று. சுவாமி தூக்குவாளியைத் திறந்தார். சர்க்கரைப் பொங்கல். நெய்யும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்த அந்த வாசனை ஹால் முழுக்கப் பரவியது.

முதலில் அவளிடம்தான் நீட்டினார். அவள் கையைக் கூப்பினாள். "இன்னைக்கு சதுர்த்தசி சார். எங்க வீட்டுல உபவாசம். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பென்னம்மா, விரதம் விரதந்தான்" என்று அவர் அடுத்த மேஜைக்குப் போனார். சாப்பிடுகிறவன் இலையைப் பார்ப்பான். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததால் அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒவ்வொருவரும் விரல் நுனியில் ஒரு துளி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தாள். சுற்று முடிந்து சுவாமி தன் மேஜையில் உட்கார்ந்ததையும், வாளியை மடிமேல் வைத்துக்கொண்டு அமைதியாகச் சாப்பிட ஆரம்பித்ததையும் பார்த்தாள்.

எழுந்து போய் அவர் எதிரே நின்றாள். "சார், இத நோட்டுல எழுதுவீங்களா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதை?"

"இந்தப் பொங்கல."

"இது ஆகாரம் இல்லையேம்மா. பிரசாதம்."

ஹாலில் இருந்த யாருக்கும் அது தப்பான பதிலாகப் படவில்லை. எனக்கும்தான். என் நோட்டிலும் இல்லை, மேலாளர் நோட்டிலும் இல்லை. முறுக்கை எழுதியிருந்தோம், மூக்கடைப்புக்குச் சாப்பிட்ட மிட்டாயை எழுதியிருந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மறைக்கிறோம் என்று தெரிந்து மறைப்பான். நாங்கள் அதுகூடத் தெரியாமல் மறைத்திருக்கிறோம்.

அவள் வாளியைப் பார்த்து, "இப்ப வாளியில எவ்ளோ சார் இருக்குது?" என்றாள்.

தொழில் புத்தி. கை தானாக வாளியைத் தூக்கிப் பார்த்தது. வாளியின் கனத்தைக் கழித்துவிட்டு, "முன்னூத்தி எண்பது" என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

"தெனமும் மிச்சம் இவ்ளோ இருக்குமா?"

"முன்னெல்லாம் ஒரு கைப்பிடி மிஞ்சும். தை மாசத்துலேர்ந்து இப்படி." அவர் எங்களைப் பார்க்கவில்லை. "பிரசாதத்தைக் கொட்டப்படாதும்மா. மிஞ்சினதை அடியேன் ஸ்வீகரிச்சுண்டுடுவேன்."

தை மாதம் என்றால் சுகுமாரியின் முதல் வகுப்பு. ரப்பர் ஜாங்கிரியைப் பார்த்துப் பயந்துபோய், மறுநாளிலிருந்தே நான் கையைச் சுருக்கிக்கொண்டேன். நீட்டின உள்ளங்கையைக் குவித்து, "கொஞ்சமா போதும் சுவாமி" என்பேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? கையை மட்டும் சுருக்கினேன். நான் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டு அதையே செய்திருக்கிறோம். எங்கள் சர்க்கரை இறங்கினது எப்படி, அவருடையது ஏறினது எப்படி என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கினதும் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை.

"பெருமாள் அமுது செஞ்ச சேஷம். அது எப்படிம்மா வியாதி பண்ணும்?" என்று கேட்டார் சுவாமி. வாதத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

சுகுமாரி என்ன சொல்வாள்? படிப்பு ஒன்று சொல்கிறது, வளர்ந்த வீடு ஒன்று சொல்கிறது. இருட்டினபிறகு தண்ணீர் குடிக்கக்கூட யோசிக்கிற வீட்டுப் பெண் அவள். "எனக்குத் தெரியல சார். பெருமாள் என்ன பண்ணுவாருன்னு எங்களுக்குப் பாடத்துல இல்ல. அரிசியும் வெல்லமும் என்ன பண்ணும்னு மட்டும்தான் இருக்குது" என்றாள். பாவம், அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

அங்கம்மாள்தான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தாள். "இன்னா சாமி, இத்துக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? வெளிய முப்பது பேரு சேலைய வெச்சிக்கினு காலைலேர்ந்து நிக்கிறாங்க. பாதிப் பேரு ஒண்ணும் துன்னாம வந்திருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் பெருமாளு இல்லியா?"

இருபது வருஷமாக அந்த முற்றத்தில் நெசவாளிகள் எடைக்குக் காத்து நிற்கிறார்கள். சன்னல் வழியாகப் பொங்கல் வாசனை அவர்களுக்கும் போயிருக்கும். எங்களுக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. மறுநாளிலிருந்து வாளி முற்றத்துக்குப் போனது, காலியாகத்தான் திரும்பியது. சுவாமி கடைசியாக ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். சுகுமாரியின் நோட்டில் அதை எழுதவும் எழுதினார். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எழுத மனம் ஒப்பவில்லை. பின்பக்கம் தனியாக ஒரு தாளில், மேலே திருமண் போட்டு, "பிரசாதம், பருக்கை 1" என்று.

சர்க்கரை இறங்கியது. சித்திரை கடைசியில் நூற்று ஐம்பதுக்கு வந்துவிட்டது. புண்ணும் சுருங்கியது. ஆனால் மூடவில்லை. டாக்டர் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இன்னும் ரெண்டு மாசம் முன்னாடி இறங்கியிருந்தா ஆறியிருக்கும். இந்த வருஷம் வேண்டாம்." சுவாமி ஆணையை மீறுகிறவர் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த இரண்டு மாதம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

கருட சேவையன்று காலை, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைப் படியில் அவரோடு நின்றேன். பெருமாள் வருகிற தெருவில் செருப்புப் போட மாட்டேன் என்றார், வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்றார் டாக்டர். சுபத்ரா மாமி பழைய வேட்டியை நாலு மடிப்பாக மடித்துக் காலுக்கு உறை மாதிரி தைத்துக் கொடுத்திருந்தார். குடைகள் முதலில் தெரிந்தன. அப்புறம் கருடன் மேல் பெருமாள், கூட்டத்துக்கு மேலே மிதந்தபடி. சுவாமி கையைக் கூப்பினார். முன் தண்டில் அவர் இடத்தில் நின்ற புது ஆள் ஒரு விரற்கடை குட்டை. வாகனம் அந்தப் பக்கம் இம்மி சாய்ந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சுவாமியின் வலது தோள் தானாக மேலே எழும்பி நின்றது.

கூட்டம் கடந்து போனபிறகும் அவர் கூப்பிய கையை இறக்கவில்லை. "முப்பத்தொரு வருஷமா முன்னால போறவன் குதிகாலைத்தான் பார்த்திண்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெருவுல நின்னு திருமுகத்தை சேவிச்சேன். இது தண்டனையா, அனுக்ரஹமா, ஒண்ணும் புரியலைடா."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சுவாமி, நாங்கதான். பயந்துக்கினு கைய சுருக்கினோம். எங்க பங்கெல்லாம் உங்க மேல வந்து விழுந்துச்சு. என்னிய மன்னிச்சுடுங்க."

"தெரியும்டா" என்றார். "முத நாளே தெரியும். வாளி கனம் என் கைக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? உங்களுக்கெல்லாம் திடீர்னு பெருமாள் மேல பக்தி போயிடுத்தாக்கும்னு நினைச்சேன். ஏன்னு புரியலை. பிரசாதத்தை மிச்சம் வெச்சா அபசாரம். அது உங்க தலையில விழப்படாதேன்னு நானே சாப்பிட்டேன்." காய்ப்பேறிய தோளைத் தடவிக்கொண்டார். "பாரந்தானேடா, தூக்கிப் பழகினதுதானே."

மேளச் சத்தம் பெரிய காஞ்சிபுரம் பக்கம் போய்க் கொண்டிருந்தது. வேட்டித்துணி சுற்றின அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.